வெதுவெதுப்பு

மில்லில் முப்பது வருஷம் எலக்ட்ரீஷியனாகக் குப்பை கொட்டிவிட்டு வந்த சின்னராசு சீடராகச் சேரும்போது அவருக்கு வயது ஐம்பத்தொன்பது. குருவுக்கு முப்பத்தொன்று. காந்திபுரத்தில் ஒரு மாடியறையில் வீடியோ கேம் பெட்டிகளை ரிப்பேர் பார்க்கும் ரெஹானாவை அவர் ‘மாஸ்டர்’ என்பார். அவள் அவரை ‘அய்யா’ என்பாள். கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

தன் காலத்தில் மில் ஓட்டம் ஒருநாள்கூட நின்றதில்லை என்பது சின்னராசுவின் பெருமை. ப்யூஸ் போனால் அவர் வேறு ப்யூஸ் தேடமாட்டார். செம்புக் கம்பியை மூன்று முறுக்கு முறுக்கிச் செருகிவிடுவார். ஓடும். ஒருமுறை மட்டும் மோட்டாரே கருகிப்போனது. அதைப் பற்றிப் பேசமாட்டார்.

ஒரு காலையில் அமுதா என்ற பள்ளிக்கூட டீச்சர் ஒரு கேம் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

“பட்டனை அமுத்துனா ஒண்ணுமே வரமாட்டேங்குதுங்க. நாலு கடை பார்த்தாச்சு. செத்துப்போச்சு, தூக்கிப் போடுங்கன்னுட்டாங்க.”

“யாருங்க ஆடறது?”

“எங்க வீட்டுக்காரருங்க. பக்கவாதத்துல வலது கை விழுந்துருச்சு. டாக்டர்தான் இதை ஆடச் சொன்னாரு. கட்டைவிரல் கொஞ்சம் அசைய ஆரம்பிச்சுது. இது நின்ன அன்னிக்கு சுவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவருதான். பத்து நாளாச்சு. இப்படியே விட்டா வந்த அசைவும் போயிரும்கறாங்க.” கொஞ்சம் நிறுத்தி, “சாயங்காலம் ஆஸ்பத்திரி போயிட்டு இந்த வழியாத்தான் வருவோம்” என்றாள்.

அவள் போனதும் சின்னராசு பெட்டியைச் சுவர் பிளக்கில் செருகி பட்டனை அமுக்கினார். ‘டக்’ என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். இன்னும் நாலு தடவை அமுக்கினார்.

“பவர் சப்ளை காலி, மாஸ்டர்.”

“பிளக்கை எடுக்காதீங்க. டீ குடிச்சுட்டு வரலாம்.”

டீ குடித்துவிட்டு வந்தார்கள்.

“பெட்டி மேல கை வைங்க.”

வைத்தார். வெதுவெதுவென்றிருந்தது.

“செத்ததுக்கு ஏதுங்கய்யா சூடு?”

“அப்ப ஏன் எந்திரிக்க மாட்டேங்குது?”

“எந்திரிக்குது. நீங்க அமுத்தறப்பல்லாம் எந்திரிச்சுப் பாக்குது. உள்ளே எங்கேயோ ஷார்ட் இருக்கு. கரண்டை விட்டா எல்லாம் கருகிரும். அதனால உடனே படுத்துக்குது.”

“அந்தத் தடுப்பை ஒதுக்கிட்டு நேரா கரண்டு குடுத்துட்டா?” கேட்கும்போதே அவர் கை ஒரு துண்டுக் கம்பியை எடுத்து முறுக்கத் தொடங்கியிருந்தது.

ரெஹானா அந்தக் கையைப் பார்த்தாள்.

“நாலு கடைக்காரரும் அமுத்துனாங்க. அது யாருக்கும் மசியலை. அதனாலதான் உள்ளே இருக்கற போர்டு இன்னும் பொழைச்சிருக்கு.”

மில்லில் கருகிய மோட்டாரின் வாடை இத்தனை வருஷம் கழித்து சின்னராசுவின் மூக்கில் ஏறியது. கம்பியைக் கீழே வைத்தார்.

ரெஹானா பெட்டியைத் திறந்து, போர்டை வெளியே எடுத்து, அதன் மேல் ஸ்பிரிட்டைத் தடவினாள். மிகக் குறைந்த மின்சாரத்தை உள்ளே விட்டாள்.

“பாருங்க.”

போர்டு முழுக்க ஈரம் மின்னியது. பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு ஓரிடத்தில் மட்டும், எள்ளளவு இடத்தில், ஈரம் தானாகக் காய்ந்தது. அங்கே ரவையைவிடச் சற்றே பெரிய ஒரு கெபாசிட்டர் இருந்தது. அதுதான் சுட்டுக்கொண்டிருந்தது.

கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று சும்மாவா சொன்னார்கள்! அத்தனை பெரிய பெட்டியைப் படுக்க வைத்தது அந்தத் துணுக்குத்தான். யாரும் அடிக்காமல், உலுக்காமல், தன் இடத்தைத் தானே காட்டிக்கொடுத்ததும் அதுதான். சின்னராசுவுக்கு மெய்சிலிர்த்தது. முப்பது வருஷமாகக் கரண்டோடு குடித்தனம் நடத்தியும் அதன் முகத்தை இன்றைக்குத்தான் பார்ப்பதுபோல் இருந்தது.

ரெஹானா அதை எடுத்துவிட்டுப் புதிதொன்றை வைத்தாள். பெட்டியை மூடி பட்டனை அமுக்கினாள். ‘டிங்’ என்றது. நீல விளக்கு எரிந்தது. சின்னராசு தன்னையறியாமல் கும்பிட்டார். அவள் பெட்டியை அணைத்துவிட்டாள்.

சாயங்காலம் அமுதா தனியாக ஏறி வந்தாள். “அவரு ஆட்டோவுல இருக்காருங்க. படி ஏற முடியாது.”

பெட்டியோடு வந்திருந்த, கையில் பிடித்து ஆடும் ரிமோட்டை ரெஹானா சின்னராசுவிடம் நீட்டினாள். “இதை அவரு கையில குடுங்க. இதுல அமுத்துனாலே இங்க பெட்டி எந்திரிச்சுரும். கீழ வரைக்கும் எட்டும்.”

“அவரால முடியலைன்னா, மாஸ்டர்?”

அவள் பெட்டியைச் சுவர் பிளக்கில் செருகிவிட்டு ஜன்னலருகே போய் நின்றாள்.

ஆட்டோவில் இருந்த மனிதர் தெருவோரச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னராசு ரிமோட்டை அவருடைய வலது கையில் வைத்து, கட்டைவிரலைப் பட்டன் மேல் பொருத்தினார். விரல் அப்படியே கிடந்தது.

“விரலைப் புடிச்சு நீங்களே அமுத்தி விடுங்கண்ணா” என்றார் ஆட்டோக்காரர்.

சின்னராசுவின் கையும் அதற்குத்தான் போனது. பாதி வழியில் நின்றது. பிறகு அந்த மனிதரின் கை மேல் தன் உள்ளங்கையை மெல்ல வைத்தார்.

வெதுவெதுவென்றிருந்தது.

அமுக்கவில்லை. காத்திருந்தார். ஆட்டோக்காரர் எஞ்சினை அணைத்தார். பஸ்கள் போயின. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த முகம் மெதுவாகத் திரும்பி சின்னராசுவைப் பார்த்தது.

மாடியில் ‘டிங்’ என்று கேட்டது.

சின்னராசு நிமிர்ந்தார். ஜன்னலில் ரெஹானா நின்றிருந்தாள்.

“போட்டது நீங்களா, மாஸ்டர்?” என்று கீழிருந்தே கேட்டார்.

ரெஹானா இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள்.

“நான் தொடலைங்கய்யா.”