நாற்பதைத் தாண்டாத லாரி

“மாரப்பன் கட்டுன இன்ஜின் ஜாம் ஆயிடுச்சு, அவன்கிட்ட வண்டி விடாதீங்க” என்று ஊர் முழுக்கச் சொல்லி என் பிழைப்பைக் கெடுத்தது நீங்கள்தானே, ஊர்த் தலைவரே?

உங்கள் லாரிக்குப் புதிதாகக் கட்டிய இன்ஜின் பழகும்வரை நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்டாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

“நாற்பதைத் தாண்டவே இல்லைடா! வேற இன்ஜின் வை, இல்லைன்னா பட்டறையைப் பூட்டு!” என்று கூட்டம் கூட்டிக் கத்தினீர்கள்.

நான் தலையைச் சொறிந்தேன். “தப்பு என்னுதுதானுங்க. டீசல் பம்பைக் குறைச்சு வெச்சுட்டேன். நீங்க ஏறி மிதிச்சிருந்தாலும் உங்க வண்டி நாற்பதைத் தாண்டியிருக்காதுங்க.”

“என் வண்டியா போகாது? முழு லோடோட பைபாஸ்ல பஸ்ஸையே முந்துனேன்டா, தொண்ணூறுல!”

பம்பை நான் தொடவே இல்லை, தலைவரே. கூட்டம் சிரித்துக் கலைந்தது, ஆனால் பட்டறைக்கு இன்னும் ஒரு வண்டிகூட வரவில்லை. பொய்யை ஊரெல்லாம் சொன்ன அதே வாயால் உண்மையையும் போய்ச் சொல்லுங்கள்!