ஆவுடையப்பன் தன் நிழலோடு குத்துச்சண்டை போட்ட கதை

மொட்டைக்குளம் எந்தத் தாலுகாவில் இருக்கிறது என்று யாரும் கேட்க வேண்டாம். சொன்னால் ஊர்க்காரர்களுக்கு அவமானம் என்பதால் மறைக்கவில்லை; அவமானம் என்றால் என்னவென்று புரிகிற அளவுக்கு அங்கே எவனுக்கும் மூளை கிடையாது. மழை பெய்தபோது குளத்துத் தண்ணீர் நனைந்துவிடுமே என்று கரையில் நின்று குடை பிடித்த ஊர் அது.

அந்த ஊர் ஆவுடையப்பனுக்குத் தொப்பை பெரிது. தெருமுனை திரும்பினால் முதலில் தொப்பை வரும், கொஞ்ச நேரம் கழித்து அவன் வருவான். கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவன் தன் கால்விரலைப் பார்த்ததே இல்லை. கால் நகத்தைக்கூட மனைவி பிரம்மசக்திதான் வெட்டிவிட வேண்டும். ஒருநாள் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. நகவெட்டியை ஜன்னல் வழியே வீசிவிட்டு, நாலு சேலையைப் பையில் திணித்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

“குனிஞ்சு ஒங்க கால் பெருவிரலத் தொட்டுக் காட்டுங்க. அன்னைக்கு வாரேன். அதுவரைக்கும் எங்கய்யா வீட்டுலதான் இருப்பேன்.”

சொல்லிவிட்டு மூன்று மைல் தள்ளியிருக்கிற மேலப்பொட்டலுக்கு நடந்தே போய்விட்டாள். ஆவுடையப்பன் குழந்தை மாதிரி அழுதான். அவள்மேல் அவனுக்கு உண்மையாகவே உயிர். அவள் போன துக்கத்தில் சோறு தொண்டையில் இறங்கவில்லை. மூன்று வேளையும் இறங்காமல் இறங்காமல்தான் சாப்பிட்டான்.

ஆறுதல் சொல்லக் கூட்டாளிகள் மூன்று பேர் வந்தார்கள். கொம்பையா இரண்டு தடவை திருநெல்வேலி பார்த்தவன், அதனால் அறிவாளி. தவசியும் மாசானமும் அண்ணன் தம்பி. கொம்பையா அறிவாளி என்பதை ஊருக்குச் சொன்னவர்கள் அவர்கள்தான்.

“சண்டைக்காரன் எவனுக்காச்சும் தொப்பை பாத்திருக்கியா?” என்றான் கொம்பையா.

“இல்ல.”

“அப்ப நீ ஒரு சண்டை கத்துக்கோ. தொப்பை தானா போயிரும்.”

“யாரோட சண்டை போட?”

“அத அப்புறம் பாத்துக்கிடலாம்ல. மொதல்ல எந்தச் சண்டைன்னு முடிவு பண்ணுவோம்.”

முதலில் சிலம்பம். ஆசான் ஆவுடையப்பனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “கம்பு ஒன் நெத்தி உசரத்துக்கு இருக்கணும். அப்படி ஒண்ணு கொண்டு வா” என்றார். மறுநாள் நாலு பேரும் ஒரு மூங்கிலைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நிறுத்திப் பார்த்தால் கம்பு ஆவுடையப்பனைவிட ஒன்றரை முழம் அதிகம். நல்ல கம்பை வெட்ட யாருக்கும் மனசு வரவில்லை. எங்கேயோ போய் ஓர் உரலை உருட்டி வந்து, அதன்மேல் ஆவுடையப்பனை ஏற்றி நிறுத்தினார்கள். நெற்றியும் கம்பும் சரியாக வந்துவிட்டன. ஆசான் வாயைத் திறப்பதற்குள் அவன் கம்பை ஒரு சுற்றுச் சுற்றினான். உரல் ஒரு பக்கம் போனது, அவன் ஒரு பக்கம் போனான்.

“சிலம்பத்துல குறையில்ல, உரல்தான் சரியில்ல” என்று தீர்ப்புச் சொல்லி, கொம்பையா எல்லோரையும் அடுத்த ஆசானிடம் கூட்டிப்போனான்.

அது குஸ்தி. குஸ்தி ஆசான் பாவம், நல்ல மனுஷன். “பிடிச்ச பிடிய விடக் கூடாது. எதிராளி முதுகு மண்ணுல படுற வரைக்கும் விடக் கூடாது. எங்க, என்னைப் பிடி” என்றார். ஆவுடையப்பன் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்தான். பாடம் முடிந்து, “சரி, விடு” என்றார். விடவில்லை. முதுகு மண்ணில் படவில்லையே! ஆசான் திட்டினார், கெஞ்சினார், பசி தாங்காமல் அவனையும் இழுத்துக்கொண்டே வீட்டுக்குப் போனார். ஆசானின் மனைவி இரண்டு இலை போட்டாள். ஆசான் வலது கையால் சாப்பிட்டார். ஆவுடையப்பனுக்கு மாசானம் ஊட்டிவிட்டான். கடைசியில் ஆசான் முற்றத்துக்கு வந்து தானாகவே மண்ணில் மல்லாக்கப் படுத்தார். அப்புறம்தான் விடுதலை.

“ஆசானையே சாய்ச்சாச்சு. இனி அவருகிட்ட கத்துக்கிட என்ன இருக்கு?” என்றான் தவசி. அதுவும் நியாயம் என்று குஸ்தியை விட்டார்கள்.

மிச்சமிருந்தது குத்துச்சண்டை. அதைச் சொல்லிக்கொடுத்த மாஸ்டருக்கு இவர்களைப் பார்த்ததும் தலைவலி வந்திருக்க வேண்டும். “ஒரு மாசம் இங்க வராத. வீட்டுலயே ஒன் நிழலோட குத்திப் பழகு” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நிழலோடு சண்டை என்றதும் ஆவுடையப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. திருப்பி அடிக்காத எதிராளி எங்கே கிடைக்கும்? காலையில் நிழல் நீளமாக எழுந்து பக்கத்துச் சுவரில் நின்றது. ஓங்கி ஒரு குத்து விட்டான். கை புட்டு மாதிரி வீங்கிவிட்டது.

“இவ்வளவு பலசாலியா இருக்கான்! காலையில இவன்கிட்ட வச்சிக்கிடக் கூடாது” என்றான் ஆவுடையப்பன்.

மத்தியானம் பார்த்தால் நிழல் குறுகிப்போய்க் காலடியில் கிடந்தது. மிதிக்கப் போனவனைக் கொம்பையா தடுத்தான்.

“படுத்துக் கிடக்கவன நின்னுக்கிட்டு அடிக்கது முறையா? நீயும் படு. சமமா இருக்கட்டும்.”

ஆவுடையப்பன் குப்புறப் படுத்தான். நிழலைக் காணவில்லை. மூன்று பேரும் சுற்றிச் சுற்றித் தேடினார்கள்.

“அமுக்கிட்டான்ல!” என்று தவசி குதித்தான். “ஒரே அமுக்கு! மூச்சுப் பேச்சு இல்ல!”

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் சாப்பிட்டதும் ஆவுடையப்பன் குத்துச்சண்டைப் பயிற்சிக்காகக் குப்புறப் படுத்தான். படுத்தவன் தூங்கியும் போனான். எதிராளி மேலேயே தூங்குகிற வீரனை இதுவரை பார்த்ததில்லை என்று மாசானம் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். தொப்பை இரண்டு விரற்கடை கூடியதுதான் மிச்சம்.

ஒரு மாசம் இப்படிப் போன பிறகு, ஒரு மத்தியானம் படுப்பதற்கு முன்னால் ஆவுடையப்பன் கையை நீட்டிச் சோம்பல் முறித்தான். கொம்பையா அலறினான்.

“அசையாத! ஒன் கை நிழலு கால் பெருவிரல் மேல விழுந்துட்டு!”

“நெசமாவால? எனக்குத் தெரியலையே!”

“ஒனக்கு எப்படித் தெரியும், தொப்பை மறைக்கில்லா. நாங்க மூணு பேரும் சாட்சி.”

மறுநாளே நாலு பேரும் மேலப்பொட்டலுக்குப் போனார்கள். மாமனார் கருத்தப்பாண்டி வீட்டு முற்றத்தில், உச்சிவெயிலில், ஆவுடையப்பன் கையை நீட்டிக் காட்டினான். பிரம்மசக்தி பார்த்தாள். நிழல் விழுந்த பெருவிரலைப் பார்த்தாள், முன்னைவிடப் பெருத்த தொப்பையைப் பார்த்தாள். முற்றத்து ஓரத்தில், பத்து வருஷத்துக்கு முன்னால் கிணறு தோண்டியபோது குவித்த மண்மேட்டையும் பார்த்தாள். அதை அள்ளிப்போட ஆள் கிடைக்காமல் கருத்தப்பாண்டி பத்து வருஷமாகப் புலம்பிக்கொண்டிருந்தார்.

“தொட்டது ஒங்க நிழலு. அப்ப வாரதும் என் நிழலுதான். கூட்டிட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டு, மேட்டை ஒட்டி வெயிலில் நின்றாள். நிழல் மேட்டின்மேல் விழுந்தது.

“ஏளா, வா போவோம்” என்று நிழலை ஆவுடையப்பன் ஆசையாகக் கூப்பிட்டான். அது அசையவில்லை.

“மண்ணோட ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்கா. மண்ணோட அள்ளிர வேண்டியதுதான்” என்றான் தவசி. மண்வெட்டியும் கூடையும் கேட்பதற்கு முன்பே கருத்தப்பாண்டி கொண்டுவந்து வைத்தார்.

அள்ளுவதற்கும் சுமப்பதற்கும் கூட்டாளிகள் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்தவன் பொண்டாட்டியை அவர்கள் எப்படித் தொடுவார்கள்? ஆவுடையப்பனே அள்ளி, தலையில் வைத்து, மூன்று மைல் நடந்தான். “மெதுவா, குலுக்காத, அவளுக்குத் தலை சுத்தும்” என்று சொல்லிக்கொண்டே மூன்று பேரும் வெறுங்கையோடு முன்னால் போனார்கள். வீட்டில் கொட்டிவிட்டு, அவள் பேசுவாள் என்று காத்திருந்தான். மண் பேசவில்லை.

“ஒரு கூடையில என்ன வரும்? தலை மட்டும் வந்திருக்கும்” என்றான் கொம்பையா. “கழுத்து, கை, காலெல்லாம் இன்னும் அங்கயேதான கெடக்கு!”

அப்புறம் தினமும் இரண்டு நடை. பிரம்மசக்தியும் சலிக்காமல் வந்து, அப்பா காட்டிய இடத்தில் நின்றாள். ஒரு கூடை முழங்கை, ஒரு கூடை இடுப்பு, கொண்டைக்கு மட்டும் மூன்று கூடை. இரண்டாம் மாசம் ஆவுடையப்பனின் வேட்டி இடுப்பில் நிற்காமல் அவிழ்ந்து விழுந்தது. வேட்டி பெருத்துவிட்டது என்றான் மாசானம். அண்ணன் தவசி தொட்டுப் பார்த்து ஆமோதித்தான்.

மூன்றாம் மாசம் ஒருநாள் மேடு தரையோடு தரையாகிவிட்டது. கடைசிக் கைப்பிடி மண்ணை அள்ளக் குனிந்த ஆவுடையப்பன், பெருவிரலில் ஒட்டியிருந்த மண்ணைக் கையால் தட்டிவிட்டான். முழங்கால்கூட மடங்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்த பிரம்மசக்திக்குக் கண் கலங்கிவிட்டது. புத்தி கிடக்கட்டும், தனக்காக மூன்று மாசம் வெயிலில் மண் சுமந்த மனுஷன் அல்லவா! ஓடிப்போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் நின்றாள்.

“தொட்டுட்டீங்க! நெசமாவே தொட்டுட்டீங்க! வாங்க, நம்ம வீட்டுக்குப் போவோம்.”

ஆவுடையப்பன் இரண்டடி விலகி நின்றான். கூட்டாளிகள் மூன்று பேரும் தர்மசங்கடத்தோடு தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“நீ எங்க வார?” என்றான் அவன், கூடையைப் பதமாகத் தலையில் தூக்கி வைத்தபடி. “என் பொண்டாட்டி முழுசா வீட்டுக்கு வந்து சேந்துட்டா. இந்தக் கூடையோட சுண்டுவிரலும் வந்துரும். இந்த நேரத்துல இன்னொருத்தியக் கூட்டிட்டுப் போனா, அவ கோவிச்சுக்கிட்டு அப்பன் வீட்டுக்கு வந்துருவா. மறுபடியும் தலையிலேருந்து சுமக்க எனக்குத் தெம்பு இல்ல தாயி.”