மூடியில் மூன்று புள்ளி

பொள்ளாச்சிப் பக்கம் ரங்கசாமி என்று ஒரு மில்காரர். "முப்பது வருசமா என்ற கார் இன்ஜின்ல ஒருத்தன் கை பட்டதில்ல" என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொள்வார். அந்தக் கார் புகை கக்க ஆரம்பித்ததும், தன் இடத்தில் வாடகைக்கு ஷெட் போட்டிருந்த மெக்கானிக் தவமணியிடம் கொண்டுவந்தார்.

"பிஸ்டன் மாத்தோணும் அம்மிணி. ஆனா இன்ஜின் வண்டிய விட்டு எறங்கப்படாது. முடியலீன்னா ஷெட்டக் காலி பண்ணிரு."

தவமணி இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றினாள். காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, எண்ணெய்த் தொட்டியான ஆயில் சம்பை இறக்கினாள். பிஸ்டன்களைத் தாங்கும் ராடுகளின் அடிமூடிகளைக் கழற்றிக் கீழிருந்து தள்ள, நான்கு பிஸ்டனும் மேல்வழியாக வந்தன. இன்ஜின் இருந்த இடத்திலேயே இருந்தது.

நாலு பேரோடு பார்க்க வந்தார் மில்காரர். "இதத் தொட்ட மொதக் கை இந்த அம்மிணிதுதான். இனி எது கெட்டாலும் இவதான் பொறுப்பு" என்றார்.

தவமணி ஒரு மூடியைத் துடைத்து அவர் கையில் வைத்தாள். "கம்பெனியில நம்பர் அடிப்பாங்க. இன்ஜினப் பிரிக்கறப்ப மூடி மாறிப்போகாம இருக்கப் புள்ளி குத்தறது எங்களாட்ட ஆளுங்கதானுங்க. இதுல மூணு புள்ளி இருக்குது. நான் குத்துனதில்லீங்க."

மில்காரர் புள்ளிகளை விரலால் தடவிப் பார்த்தார்.

"எனக்கு முன்னால ஒருத்தர் இந்த வண்டிக்கு அடியில படுத்திருக்காருங்க. அவரு ஷெட்டு இப்ப எங்கீங்க இருக்குது?"

சாயங்காலம் கார் புகையில்லாமல் போனது. ஷெட்டைக் காலி பண்ணும் பேச்சு அதற்கப்புறம் எழவில்லை. கை படாத இன்ஜினைப் பற்றிய பேச்சும்தான்.