பச்சைக்கல் வட்டைச் செய்தவர் யார்

அந்தப் பச்சைக்கல் வட்டுக்கு இழைக்கப்பட்ட அநியாயங்கள் நான்கு. முதலாவது, கல்லறையில் தோண்டி எடுத்தவன் அது தேவர்கள் செய்தது என்றான். இரண்டாவது, அதை வாங்கிய சிற்றரசன் தன் மூதாதை செய்தது என்று ஓரத்தில் வெட்டிவைத்தான். மூன்றாவது, அவனை வென்ற பேரரசன் அந்த வரியைத் தேய்த்துத் தன் வம்சத்தின் பெயரை வெட்டினான். நான்காவது, ஓர் அரசவைப் புலவர் நடுத்துளையைப் பார்த்துவிட்டு, கிண்ணம் வைக்கும் தட்டு என்று முடிவுகட்டி, அதன்மேல் கவிதையும் பொறித்தார். கயிறும் ஈரமணலும் கொண்டு ஆண்டுக்கணக்கில் அதை அறுத்தவனைப் பற்றி நால்வரும் வாய் திறக்கவில்லை.

ஐந்தாவது, ஹுவாயின் கையால் நடக்கவிருந்தது.

ஹுவாய் இருபது வருடம் பட்டறையில் கல் தேய்த்தவன். தூசி நெஞ்சில் இறங்கிய பிறகு, நாற்பது வயதில், அரண்மனைக் கருவூலத்தில் குரு மெங்கிடம் சீடனாகச் சேர்ந்தான். அமைச்சர் தாவ் ஜின், வட்டு தன் கொள்ளுப்பாட்டன் செய்தது என்று கருவூலப் பதிவேட்டில் பதியும்படி அவனுக்கு உத்தரவிட்டிருந்தார். பதிந்துவிட்டால், அந்த வட்டை வைத்து அரசர் நடத்தும் வான வழிபாட்டில் அவருக்குத்தான் முதல் இடம்.

"எழுதினால் பொய்யன் ஆவேன், ஐயா. எழுதாவிட்டால் மறுபடி பட்டறைக்கு அனுப்புவார். என் நெஞ்சு ஒரு வருடம் தாங்காது."

மெங் வட்டைத் திருப்பிக் காட்டினார். "இந்த வளைந்த கோடு என்ன?"

ஹுவாய் தடவிப் பார்த்தான். "கயிறு வழுக்கியிருக்கிறது. களைத்துப்போன கை."

"யாருடைய கை?"

"தெரியாது."

"அமைச்சருக்கு?"

"அவருக்கு மணலை எங்கே போடுவது என்றே தெரியாது!"

மெங் சிரித்தார். "உனக்குத் தெரிந்ததை மட்டும் எழுது."

"எனக்கு என்ன தெரியும்?"

"அவர் உன்னிடம் சொன்னது தெரியுமே."

ஹுவாய் நிமிர்ந்து பார்த்தான். "கோபப்படுவாரே, ஐயா."

"வாசிக்கப்போவது நான். கோபம் என்மேல் விழட்டும்."

புதிய பதிவை ஏழு சாட்சிகள் முன் குரு உரக்க வாசிப்பது கருவூல வழக்கம். வாசித்ததை அரசராலும் அழிக்க முடியாது.

மறுநாள் காலை அமைச்சர் பட்டாடையில் முன்வரிசையில் அமர்ந்திருந்தார். "சீக்கிரம் வாசியும், மெங். வெயில் ஏறுகிறது."

"பச்சைக்கல் வட்டு ஒன்று," என்று மெங் வாசித்தார். "செய்தவர் பெயர் தெரியவில்லை."

அமைச்சர் எழுந்தார். "நான் சொன்னது எங்கே?"

"அடுத்த வரியில் இருக்கிறது, பிரபு."

மெங் சாட்சிகள் பக்கம் திரும்பினார்.

"ஆதாரம் காட்டாமல், தன் கொள்ளுப்பாட்டன் செய்தது என்று சொன்னவர் பெயர்: தாவ் ஜின்."