பொன்னேர் பூட்டிய கதை

முன்னொரு காலத்தில், மேகங்களைத் தவிர மற்ற எல்லோரும் அரசாணைக்குக் கட்டுப்பட்டு நடந்த நாடு ஒன்று இருந்தது. அந்நாட்டு அரசருக்கு ஒரு சித்திரை மாதத்தில் திடீரென்று ஓர் ஆசை வந்தது. ஆண்டின் முதல் உழவைப் பொன்னேர் பூட்டுதல் என்று குடிகள் சொல்வது வழக்கம். பெயர்தான் பொன்னேர், பூட்டுவது என்னவோ பழைய மரக்கலப்பையைத்தான்.

"பொன்னேர் என்று சொல்லிவிட்டு மரத்தை ஓட்டுவதா? இந்த ஆண்டு நிஜமாகவே பொன்னால் ஏர் செய்து பூட்டவேண்டும்!" என்றார் அரசர்.

அரண்மனை வேலைகளை மேற்பார்க்கும் விரூபாட்சர் முந்திக்கொண்டு அந்தப் பொறுப்பை ஏற்றார். உழுவதும் விதைப்பதும் ஒன்றாக நடக்கப் பன்னிரண்டு குழாய்கள், மேலே விதை கொட்ட ஓர் அண்டா, உடம்பெல்லாம் தங்கத் தகடு, இழுக்க யானை. அவர் யோசனைப்படி ஓர் ஆணையும் பிறந்தது: "அரசரின் பொன்னேர் முதல் சால் ஓட்டும்வரை எவரும் ஏர் பூட்டக்கூடாது. மீறிப் பூட்டியவர் ஒரு மாதம் அரண்மனைத் தொழுவத்தில் சாணி அள்ளவேண்டும்."

சித்திரை போய், வைகாசி போய், ஆனியும் போய் ஆடி பிறந்துவிட்டது. பொன்னேர் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. இன்றைக்கு மயில் வைக்கிறேன், நாளைக்கு மணி கட்டுகிறேன் என்று விரூபாட்சர் நாளைக் கடத்திக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து நல்ல மழை பெய்தது. மழை விட்ட காலையில், உலகம்மாள் என்ற குடியானவப் பெண் அரசவை விகடகவி அம்பலவாணனின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு பிடி மண்.

"பாருங்க ஐயா. பிடிச்சா உருண்டையா நிக்குது, விட்டா உதிருது. இதுதான் விதைக்கிற பதம். இன்னும் ரெண்டு வெயில் அடிச்சா ஓடு மாதிரி இறுகிப்போகும். வீட்டுல மிச்சம் இருக்கறது விதைச்சோளம் மட்டுந்தான். பிள்ளைங்க பசியோட அந்தப் பானையையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்குதுங்க."

"பொன்னேர் வரட்டும் என்கிறாரே அரசர், என்ன செய்ய தாயி?"

"வரட்டும் ஐயா. அதுவரைக்கும் ஈரத்தையும் காத்திருக்கச் சொல்லி ஓர் ஆணை போடச் சொல்லுங்க."

ஊரையே சிரிக்கவைக்கும் அம்பலவாணனுக்கு அன்று சிரிப்பு வரவில்லை. நேரே கொட்டகைக்குப் போய்ப் பலகை இடுக்கு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தான். தங்கம் பளபளத்தது. வேலை நுணுக்கத்தை எவனாவது திருடிவிடுவானோ என்ற பயத்தில், விரூபாட்சர் அந்த ஏரைச் சங்கிலியால் சுற்றிப் பூசணிக்காய்ப் பருமனில் ஒரு பூட்டுப் போட்டிருந்தார். அம்பலவாணன் அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு அரசவைக்கு விரைந்தான்.

"அரசே, ஆணையில் அடியேனுக்கு ஒரு சந்தேகம். ஏர் பூட்டினால்தானே குற்றம்? பூட்டாமல் உழுது விதைத்தால்?"

விரூபாட்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கேட்டீர்களா அரசே! விகடகவி அடுப்பு மூட்டாமல் சோறு வடிப்பாராம்!"

"பூட்டாமல் எப்படி வேண்டுமானாலும் உழுதுகொள்ளட்டும், யாம் தடுக்கவில்லை. ஆனால் குடிகள் ஒரே ஓர் ஏரைப் பூட்டியிருந்தாலும், அவர்களோடு நீரும் தொழுவத்துக்குப் போகவேண்டும்" என்றார் அரசர்.

"பூட்டியவர் எவராயினும் பதவி பாராமல் தண்டிக்கவேண்டும், அரசே! விகடகவிக்கு இரக்கம் காட்டிவிடாதீர்கள்" என்று முந்தினார் விரூபாட்சர்.

"அவ்வாறே ஆகட்டும், விரூபாட்சரே."

அம்பலவாணன் ஊருக்குச் சொல்லி அனுப்பியபடி, மறுநாள் விடிந்ததும் வயலெல்லாம் மாடுகள் இறங்கின. மூன்று குழாய் வைத்த மரக்கருவியை உலகம்மாளின் கணவன் ஓட்ட, அவள் பின்னாலேயே நடந்து, விரலிடுக்கில் சோளத்தை அளந்து குழாய்களின் மேலிருந்த கிண்ணியில் விட்டுக்கொண்டே வந்தாள். அம்பலவாணன் வரப்பில் குந்தியிருந்தான். மூக்கில் அப்போதே தொழுவத்து வாடை அடிப்பதுபோல் இருந்தது. தூரத்தில் பனைகளுக்குப் பின்னால் விரூபாட்சர் காவலரோடு காத்திருந்தார். ஒருவர்கூடத் தப்பக்கூடாதென்று கடைசிச் சால் மூடும்வரை பொறுத்திருந்துதான் பாய்ந்தார். விதை அதற்குள் மண்ணுக்குள் போய்விட்டது.

குடிகள், கலப்பைகள், மாடுகள் எல்லாம் அரசர் முன்னால் வந்து சேர்ந்தன.

"கையும் ஏருமாகப் பிடித்தேன், அரசே!" என்றார் விரூபாட்சர்.

அம்பலவாணன் ஒரு கலப்பையைப் புரட்டிப் பார்த்தான். தட்டிப் பார்த்தான். "உலகம்மா, இதன் சாவி எங்கே?"

"சாவியா?" அவள் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டாள். "கலப்பைக்கு ஏதுய்யா சாவி? மாட்டை நுகத்தடியில கயித்தால கட்டுனோம், உழுதோம். இதைப் பூட்டி வேற வைக்கணுமாக்கும்!"

"அரசே, எல்லா ஏரையும் சோதித்துவிட்டேன். ஒன்றில்கூடப் பூட்டு இல்லை. நாட்டிலேயே பூட்டிய ஏர் ஒன்றே ஒன்றுதான். அதன் சாவி..." அம்பலவாணன் விரூபாட்சரின் இடுப்பைப் பார்த்தான்.

விரூபாட்சரின் கை அவசரமாக இடுப்பை மறைத்தது. ஆனால் முருங்கைக்காய் நீளச் சாவியை ஒரு கையால் எவ்வளவுதான் மறைக்க முடியும்?

அரசர் கொட்டகைக்கே நடந்துவிட்டார். பூட்டுத் திறந்தது. கூரை ஒழுகி அண்டாவில் கொட்டிவைத்த சோளம் நனைந்து, பன்னிரண்டு குழாய் வாயிலும் பச்சைப்பசேலென்று முளை தலைநீட்டிக்கொண்டிருந்தது.

"விரூபாட்சரே, உம்முடைய ஏர் தனக்குள்ளேயே விதைத்துக்கொண்டதே!" அரசர் சிரித்த சிரிப்பில் கிரீடம் காதுவரை நழுவியது. "ஆணை இன்றோடு ஒழிந்தது. ஆனால் தண்டனை? பதவி பாராமல் என்று சொன்னவர் நீர்தானே!"

பிறகு அம்பலவாணன் பக்கம் திரும்பினார். "உமக்கு என்ன பரிசு வேண்டும்?"

"அந்தப் பூட்டைத் தாருங்கள், அரசே."

"எதற்கு?"

"அடுத்த ஆணை பிறக்கப்போகும்போது, தங்கள் திருவாய்க்கு அருகில் வைத்திருக்கத்தான்."

கூட வந்த அவையினர் சட்டென்று ஓரடி பின்வாங்கினர். அரசரோ விழுந்து விழுந்து சிரித்து, தம் பட்டுச் சால்வையைக் கழற்றி அம்பலவாணனின் தோளில் போர்த்தினார். பூட்டையும் கொடுத்தார்.

அந்த வாரமே உலகம்மாளின் வயலில் சோளம் வரிசை பிசகாமல் முளைத்தது. அரண்மனைச் சாணி அவளுடைய எருக்குழிக்கு வந்தது. முதல் கூடையைத் தலையில் சுமந்து வந்தவருக்கு அவள் மரியாதையாக எழுந்து நின்று வழி காட்டினாள்.

"அந்த மூலையில கொட்டுங்க சாமி. குழிக்குப் பூட்டு ஏதும் போடலை."