ஓசையடக்கியும் ஒரு வலக்கையும்

முன்னொரு காலத்தில், துப்பாக்கி என்ற பொருள் கடல் தாண்டி வந்து ஒரு தலைமுறைகூட ஆகாத நாளில், ஒரு நாட்டை மகுடேச பூபதி என்ற மன்னர் ஆண்டுவந்தார். வேட்டை என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். ஆனால் முதல் குண்டு வெடித்ததுமே காட்டிலுள்ள மானும் பன்றியும் மலையைத் தாண்டி ஓடிவிடும். இரண்டாவது குண்டுக்கு மரங்கள்தான் மிஞ்சும்.

ஒருநாள் வெறுங்கையோடு திரும்பிய மன்னர் சபையில் எரிச்சலோடு சொன்னார்: "சத்தமில்லாமல் சுடும் துப்பாக்கி ஒன்று நமக்கு வேண்டும். கொண்டுவருபவர் கேட்டதைத் தருவோம்."

சபையில் இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். இடியைச் சத்தமில்லாமல் இடிக்கச் சொன்னால் யார்தான் என்ன செய்வார்கள்?

அந்தச் சபையில் சுருளியாண்டி என்று ஒரு விகடன் இருந்தான். மன்னரின் கோபத்தைச் சிரிப்பாக மாற்றுவதுதான் அவன் உத்தியோகம். அந்த உத்தியோகம் அவனுக்குப் பொன்னும் கொடுத்தது, பகையும் கொடுத்தது. பகைவர்களில் பெரியவர் தளவாய் வீரமல்லர். மன்னரின் துப்பாக்கிப் படைக்கும் பீரங்கிப் படைக்கும் தலைவர். போரில் உடம்பெல்லாம் தழும்பு வாங்கிய தன் சொல்லைவிட, ஒரு கோமாளியின் சொல் மன்னர் காதில் முதலில் ஏறுகிறதே என்று அவருக்கு வயிற்றெரிச்சல்.

சபை கலைந்து சுருளியாண்டி கடைத்தெரு வழியாக வந்தபோது, ஒரு பெண் அவன் மேல்துண்டைப் பிடித்து நிறுத்தினாள். அரண்மனைக்குத் துப்பாக்கி செய்து கொடுக்கும் நாகலிங்க ஆசாரியின் மனைவி பேச்சியம்மை அவள்.

"ராசாவைச் சிரிக்க வைக்கிறவரு நீங்கதானே? எங்க பட்டறைக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போங்க சாமி. ராசா கேட்டாருன்னு தெருவெல்லாம் பேசுற பொருளு அங்க இருக்கு."

பட்டறையில் ஆசாரி ஒரு குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். முழங்கை நீளம், வாழைத்தண்டின் பருமன். துப்பாக்கியின் வாயில் பொருத்திக்கொள்ளலாம். சுருளியாண்டி வணக்கம் சொன்னான். அவர் நிமிரவில்லை.

"அவருக்குக் காது கேக்காதுங்க" என்றாள் பேச்சியம்மை. "செய்யிற துப்பாக்கி ஒவ்வொண்ணையும் செஞ்சவனே சுட்டுக் காட்டிட்டுத்தான் அரமனைக்கு அனுப்பணும். சுட்டுச் சுட்டே காது போச்சு. இப்ப எம் மக்க ரெண்டு பேரும் சுடுறாங்க. பெரியவன் போன வாரம் என்னைய 'என்னம்மா, என்னம்மா'ன்னு ரெண்டு வாட்டி கேட்டான். எனக்கு ஈரக்கொலை நடுங்கிப்போச்சு. அதான் இவரை விரட்டி இதைச் செய்ய வச்சேன். ராசா மானுக்குக் கேக்குறாரு, நான் எம் மகனுக்குக் கேக்குறேன். பொருளு ஒண்ணுதானே சாமி?"

மறுநாள் காலை அரண்மனை ஏரிக்கரையில் மன்னரும் சபையும் கூடினார்கள். ஏரி நடுவிலிருந்த மரத்தில் இலை தெரியாத அளவுக்குக் கொக்குகளும் நாரைகளும் அடைந்து கிடந்தன. அக்கரையில் ஒரு பானையைக் கவிழ்த்து வைத்தார்கள். மன்னர் வழக்கம்போல் பொற்செப்பைத் திறந்து இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டார். ஆசாரி குழாயைப் பொருத்தினார், குறி பார்த்தார். பிறகு துப்பாக்கியை இறக்கிவிட்டார்.

"ஏன் சுடவில்லை?" என்று மன்னர் உரக்கக் கேட்டார்.

"சுட்டாகிவிட்டது, அரசே" என்று சுருளியாண்டி அக்கரையைக் காட்டினான்.

அங்கே பானை இல்லை. ஓடுகள் கிடந்தன.

மன்னர் பஞ்சைப் பிடுங்கி எறிந்தார். "இன்னொரு முறை!" அக்கரையில் இன்னொரு பானையை வைத்தார்கள். ஆசாரி மறுபடி சுட்டார். ஈரத்துணியை யாரோ ஒரு தடவை உதறியது போல இருந்தது, அவ்வளவுதான். இரண்டாவது பானையும் தூளானது. அந்தக் குண்டு கொக்குக் கூட்டத்துக்கு அருகிலேதான் போயிருக்க வேண்டும். ஒரு கொக்குகூட எழவில்லை. ஒன்று மட்டும் கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி இறகைக் கோதத் தொடங்கியது.

சுருளியாண்டிக்கு மயிர்க்கூச்செறிந்தது. நெருப்பும் இருக்கிறது, குண்டும் போகிறது, பானை உடைகிறது, உலகம் அதை அறியாமல் அப்படியே இருக்கிறது. மனிதன் கையால் இதைக்கூடச் செய்ய முடியுமா என்று அவன் ஆசாரியின் கரி படிந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். மன்னரோ கோயிலில் நிற்பவர் போலக் கைகூப்பிக்கொண்டு நின்றார்.

அப்போது தளவாய் முன்னால் வந்தார். அவருக்கு மெல்லப் பேசத் தெரியாது. கரை முழுக்கக் கேட்கச் சொன்னார்: "கொக்குக்குக் கேட்கவில்லை, அரசே. நாளை தங்களைக் குறிவைத்தால் தங்களுக்கும் கேட்காது."

மன்னரின் கூப்பிய கை இறங்கியது. முகம் வெளுத்தது.

"இப்படி ஒரு கொலைக்கருவியைச் செய்தவனையும், அதை அரண்மனைக்குள் கொண்டுவந்தவனையும் சும்மா விடலாமா?" என்றார் தளவாய்.

சற்றுமுன் பிரமித்து நின்ற மன்னர் இப்போது நடுங்கினார். அன்றே ஒரு சட்டம் போடும்படி தளவாயிடம் சொன்னார். ஆசாரியைச் சிறையில் வைத்தார்கள். தளவாய் விடவில்லை. "நாடு முழுவதும் தேடி இப்படிப்பட்ட பொருள்களைப் பறிமுதல் செய்யும் பொறுப்பைச் சுருளியாண்டியிடமே கொடுங்கள். வெள்ளிக்கிழமைச் சபைக்குள் எல்லாம் வந்து சேர வேண்டும். ஒன்று விடுபட்டாலும் ஆசாரியின் வலக்கையோடு அவன் வலக்கையும் போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் மன்னர்.

அன்று சோற்றைப் பிசையும்போது சுருளியாண்டி தன் வலக்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஊர் ஊராக, வீடு வீடாக எங்கே போய்த் தேடுவது? எந்த ஆசாரியின் பட்டறையில் எந்தக் குழாய் ஒளிந்திருக்கிறதோ யார் கண்டார்? பிசைந்த சோறு இலையில் அப்படியே கிடந்தது. அந்த நேரத்தில் தெருவில் பறையறைகிறவன் வந்தான்.

"இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது! துப்பாக்கியின் ஓசையைக் குறைக்கும் எந்தப் பொருளும் இன்று முதல் கொலையாயுதம்! அதை வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் வலக்கை வெட்டப்படும்!"

சுருளியாண்டி எச்சில் கையோடு வாசலுக்கு ஓடினான். "அண்ணே, இன்னொரு தரம் சொல்லுங்க. எந்தப் பொருளும்னா சொன்னீங்க?"

"எந்தப் பொருளும். தளவாய் தன் வாயாலேயே சொன்னாரு. ஏன்?"

"ஒண்ணுமில்லை. நல்லா உரக்கச் சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கணும்" என்று திரும்பி வந்து மீதிச் சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டான்.

வெள்ளிக்கிழமை சபை கூடியது. வெளியே மாட்டு வண்டிகள் வரிசையாக வந்து நின்றன. சேவகர்கள் முதலில் இலவம்பஞ்சு மெத்தைகளை இறக்கினார்கள். அடுத்து கம்பளிகள், வைக்கோல் கட்டுகள், அரண்மனை அந்தப்புரத்துத் திரைச்சீலைகள். மெத்தைகளில் மிகப் பெரியது தளவாயின் வீட்டிலிருந்து வந்தது.

"என்ன இது?" என்றார் மன்னர்.

"பறிமுதல் செய்த ஆயுதங்கள், அரசே. இந்த மெத்தையைத் துப்பாக்கி வாயில் சுற்றிச் சுட்டுப் பார்த்தேன், ஓசை பாதியாகிவிட்டது. பயங்கரமான ஆயுதம். தளவாயார் இத்தனை நாளாக அதன்மேலேயே படுத்து உறங்கியிருக்கிறார். அவர் துணிச்சலை நான் மெச்சுகிறேன்."

சபையில் குபீரென்று சிரிப்பு எழுந்தது. தளவாயின் மீசை துடித்தது. சுருளியாண்டி சிரிக்காமல் மேலே சொன்னான்: "இன்னும் பாக்கி இருக்கிறது, அரசே. கோட்டைச் சுவர் உள்ளே சுட்டால் வெளியே கேட்கவிடுவதில்லை. அதை ஏற்ற வண்டி கிடைக்கவில்லை. மேற்கு மலையும் அப்படியே. அது மறைத்துக்கொள்வதால் அந்தப் பக்கத்து ஊர்களுக்கு நம் பீரங்கியே கேட்பதில்லை. கோட்டையும் மலையும் யாருக்குச் சொந்தம் என்று விசாரித்தேன். தங்களுக்கு என்றார்கள். போதாக்குறைக்கு, வேட்டைக்குப் போகும்போது ஒரு பொற்செப்பில்..."

மன்னரின் கை தன்னையறியாமல் மடியிலிருந்த பஞ்சுச் செப்பை மூடியது. சபையில் சிரிப்பு நின்றுபோனது.

"சுருளியாண்டி" என்றார் மன்னர் தாழ்ந்த குரலில். "நம் கையையும் வெட்டச் சொல்கிறாயா?"

இந்த இடத்தில் ஒரு சொல் தவறினாலும் கையோடு தலையும் போகும் என்று சுருளியாண்டிக்குத் தெரியும். "நான் சொல்லவில்லை, அரசே. சட்டம் சொல்கிறது" என்றவன், தளவாய் பக்கம் திரும்பி, அவருக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுத்தான்: "இந்தச் சிக்கலிலிருந்து மன்னரை எப்படி மீட்கப் போகிறீர்கள், தளவாயாரே?"

தளவாய் நெஞ்சை நிமிர்த்தி முழங்கினார்: "ஆம்! உடனே வெட்டிவிட வேண்டியதுதான்!"

மன்னர் அரியணையிலிருந்து பாதி எழுந்துவிட்டார். தளவாய் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். என்ன நடந்தது என்று அவருக்கு விளங்கவில்லை.

கணவருக்காகச் சபை ஓரத்தில் காத்திருந்த பேச்சியம்மைதான் முதலில் வாய் திறந்தாள். "கோவிச்சுக்காதீங்க ராசா. இந்த ஐயாவுக்கும் காது கேக்கல, என்ன கேட்டாங்கன்னு தெரியாமலே சொல்லிட்டாரு. நானும் வந்ததுலேருந்து பாத்துக்கிட்டே இருக்கேன். பேசுறவங்க வாயையே பாக்குறாரு. எம் புருசனும் ஆரம்பத்துல இப்பிடித்தான், கேட்ட மாதிரியே தலையாட்டுவாரு."

சுருளியாண்டி தளவாயையே பார்த்தான். எத்தனை வருடமாக இந்த மனிதரைக் கேலி செய்து சபையைச் சிரிக்க வைத்திருக்கிறான்! அதில் ஒரு சொல்கூட அவர் காதில் விழுந்திருக்காது. எல்லோரும் சிரிப்பதை மட்டும் பார்த்திருப்பார். அவன் தளவாயின் எதிரே போய் நின்று, உதடு தெளிவாகத் தெரியும்படி கேட்டான்: "எப்போதிலிருந்து, ஐயா?"

தளவாய் மன்னர் பக்கம் திரும்பினார். பிறகு, அவருக்குத் தெரிந்த அதே உரத்த குரலில் சொன்னார்: "வடகோட்டை முற்றுகையிலிருந்து. பீரங்கிக்குப் பக்கத்திலேயே நின்றேன். வெளியே தெரிந்தால் செவிட்டுத் தளவாய் எதற்கு என்று அனுப்பிவிடுவீர்கள் என்று மறைத்தேன், அரசே."

மன்னர் அரியணையில் அமர்ந்தார். அந்த முற்றுகையில் பிழைத்த நாடுதான் இப்போது அவர் ஆளும் நாடு. சிறையிலிருந்து ஆசாரியை அழைத்துவரச் சொன்னார். ஆசாரி வந்து நின்றார். ஒருபுறம் ஆயுதம் செய்தவர், மறுபுறம் அதை ஏந்தியவர். இருவர் காதையும் அந்த ஆயுதமே தின்றிருந்தது. ஏரிக்கரையில் பானை உடைந்தபோதுகூட மன்னர் முகத்தில் இப்படி ஒரு திகைப்பு இல்லை.

"பேச்சியம்மை" என்றார் மன்னர். "உன் கணவர் செய்த பொருள் பெரியது. ஆனால் நமக்கு அதைக் கண்டால் பயமாகவும் இருக்கிறது. மறைக்காமல் சொல்கிறோம்."

அவள் சுருளியாண்டியைப் பார்த்தாள்.

"பயப்பட வேண்டிய பொருள்தான், அரசே" என்றான் அவன். இப்போது அவன் குரலில் விகடம் இல்லை. "துப்பாக்கியும் அப்படித்தான். அதற்கு என்ன முறை வைத்திருக்கிறோம்? வேண்டும் என்பவன் சபைக்கு வந்து, பேரும் ஊரும் சொல்லி, எதற்கு என்று சொல்லி, அரச முத்திரை பதித்து வாங்கிப்போகிறான். மறைத்து வைத்திருப்பவனுக்குத் தண்டனை. இதற்கும் அதையே செய்யுங்கள். பட்டறையில் சுடுபவனும் படையில் பழகுபவனும் வெளிச்சத்தில் வந்து கேட்டு வாங்கட்டும். ஒளிப்பவனைத் தேடிப் பிடியுங்கள். அப்போது என்னைப் போன்றவன் மெத்தை சுமக்க வேண்டியதில்லை."

மன்னர் யோசித்தார். "முத்திரை கொடுக்கும் பொறுப்பு யாருக்கு?"

"அந்த ஓசை என்ன செய்யும் என்று தெரிந்தவருக்கு" என்று சுருளியாண்டி தளவாயைக் கைகாட்டினான்.

தளவாய் அவன் உதட்டைப் படித்தார். பகைவன் தன்னைக் கவிழ்க்காமல் தூக்கி நிறுத்துகிறான் என்பதை நம்ப அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. பிறகு தலை குனிந்து ஏற்றுக்கொண்டார்.

பழைய சட்டம் அந்த இடத்திலேயே ரத்தானது. முதல் முத்திரை நாகலிங்க ஆசாரியின் குழாயில் விழுந்தது. பேச்சியம்மை அதை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றி, மார்போடு அணைத்துக்கொண்டாள். ஆசாரி அவள் முகத்தைப் பார்த்து, என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டார்.

"சுருளியாண்டி, கொண்டுவருபவர் கேட்டதைத் தருவோம் என்றோம். ஆசாரிக்கு வேண்டியது கிடைத்தது. உனக்கு என்ன வேண்டும்?" என்றார் மன்னர்.

சுருளியாண்டி வலக்கையை நீட்டிக்கொண்டு அரியணையின் படி வரை போனான்.

"ஒரு சிறு வில்லங்கம், அரசே. கோட்டையும் மலையும் விடுபட்டுவிட்டன. ஆகவே தங்கள் ஆணைப்படி இந்தக் கை இன்று காலையிலிருந்து என்னுடையது இல்லை. அரசாங்கச் சொத்து. உரிமம் இல்லாமல் தூக்கிக்கொண்டு திரிகிறேன். யாராவது பிடித்தால் என்ன பதில் சொல்வது? இதற்கும் ஒரு முத்திரை வைத்து எனக்கே எழுதிக் கொடுத்துவிடுங்கள்."

மன்னர் அவனை ஒரு கணம் பார்த்தார். பிறகு சிரித்தார். தொப்பை குலுங்க, கண்ணில் நீர் வர, அரியணைக் கைப்பிடியைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சுருளியாண்டி சொன்னதை ஒருவர் ஓலையில் எழுத்தாணியால் கீறிக் காட்ட, தளவாயும் ஒரு நிமிடம் பிந்தி, எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார்.

மன்னர் சந்தனக் கிண்ணத்தில் முத்திரை மோதிரத்தைத் தோய்த்து அவன் உள்ளங்கையில் அழுத்தினார். "எதற்கு இந்தக் கை? சட்டப்படி காரணம் சொல்ல வேண்டுமே."

"சாப்பிட, அரசே."

மன்னர் தம் மணிக்கட்டிலிருந்த பொற்கடகத்தைக் கழற்றி அந்தக் கையில் பூட்டினார். சந்தனம் காய்ந்து உதிரும்வரை சுருளியாண்டி அந்த உள்ளங்கையை மூடவே இல்லை என்பார்கள். சாப்பாட்டைக்கூட அன்று அவன் மனைவிதான் ஊட்டிவிட்டாளாம்.