நூற்றெட்டு முறை உச்சிக்குப் போன பருந்து

பனிமலை அடிவாரக் காட்டில் மருதன் என்றொரு கீரி இருந்தது. அதன் மனைவி செம்பி. செம்பிக்கு ரொம்ப நாளாக ஓர் ஆசை. தினமும் அண்ணாந்து பார்க்கும் அந்த வெள்ளை உச்சியில் ஒரே ஒரு தடவை காலை வைத்துவிட வேண்டும்!

மருதனுக்கு உச்சியும் வேண்டாம், பனியும் வேண்டாம். ஆனால் செம்பி கேட்டதை இல்லை என்று சொல்ல அதற்கு வராது. இரண்டும் வழிகாட்டி தேடிப் புறப்பட்டன.

முதலில் மலையாட்டைப் பார்த்தன. அது முன்னங்கால் ஒன்றை விந்தி விந்தி நடந்தது.

"நாலு நாள் ஆகும்," என்றது ஆடு. "பகல்ல ஏறணும், சாயங்காலம் கொஞ்சம் கீழே இறங்கிப் படுக்கணும். அப்பதான் அந்தக் காத்துக்கு உடம்பு பழகும். நான் திரும்புன்னா பேசாம திரும்பிடணும். உச்சியைக் காட்டுறேன்னு சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன். போன வருஷம் நானே விழுந்துதான் இந்தக் கால் போச்சு!"

மருதனுக்கு முகம் சுருங்கிவிட்டது. விழுந்ததைத் தன் வாயாலேயே சொல்கிற வழிகாட்டியை யார் நம்புவார்கள்?

அடுத்து பருந்தைப் பார்த்தன. அந்த வருஷம்தான் அது இந்த வேலையில் இறங்கியிருந்தது. நாலு பேர் தன்னை அண்ணாந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அதற்கு.

"நூத்தியெட்டு தடவை உச்சிக்குப் போயிட்டு வந்தவன் நான்!" என்றது பருந்து. "காலையில கிளம்பினா மத்தியானம் உச்சி. இதுவரைக்கும் என் மேல ஒரு கீறல் உண்டா, பாருங்க!"

அது சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

"ஆட்டோடயே போகலாங்க," என்று செம்பி மெல்லச் சொன்னது.

"அந்த நொண்டியோடயா? போதும் போ!" என்றது மருதன்.

மறுநாள் காலை கிளம்பின. கூடவே ஒரு காட்டுப்பன்றியும் வந்தது. பருந்து மேலே வட்டமடித்தபடி, "இந்தப் பக்கம்! இந்தப் பக்கம்!" என்று கத்தியது. அது காட்டிய பக்கமெல்லாம் செங்குத்துப் பாறை. நகம் பெயர்ந்து ரத்தம் கசிந்தது. மரங்கள் முடிந்து வெறும் கல்லும் பனியும் வந்தபோது மூன்றுக்கும் மூச்சு முட்டியது.

"கொஞ்சம் நில்லப்பா, மூச்சு வாங்குது!" என்றது பன்றி.

"மூச்சா? எனக்கு வாங்கவே இல்லையே!" என்று பருந்து ஆச்சரியப்பட்டது.

பன்றி இரண்டு முறை வாந்தி எடுத்தது. பிறகு திரும்பிக் கீழே நடந்தது. பருந்து கெக்கெக்கே என்று சிரித்தது.

"நாமளும் போயிடலாங்க. தலை சுத்துது. எனக்கு உச்சி வேண்டாம்," என்றது செம்பி.

மருதன் மேலே பார்த்தது. பருந்து இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. "இவ்வளவு தூரம் வந்துட்டு என்னடி இது? உனக்காகத்தானே வந்தேன்! நட!" என்று மருதன் செம்பியிடம் எரிந்து விழுந்தது.

எதிரே வெள்ளைவெளேரென்று பனி பரந்து கிடந்தது.

"சமதரை! ஓடி வாங்க!" என்றது பருந்து.

செம்பி முன்னால் நடந்தது. நாலாவது அடியில் பனி உடைந்தது. அடியில் தரை இல்லை, ஆழமான வெடிப்பு இருந்தது. செம்பி உள்ளே போய்விட்டது.

"ஏங்க!" என்ற குரல் கீழேயிருந்து மூன்று முறை கேட்டது. அப்புறம் கேட்கவில்லை.

"இறங்கிப் பாரு! அவளைத் தூக்கு!" என்று மருதன் அலறியது.

"அதுக்குள்ள இறக்கையை விரிக்க இடமில்லையே!" என்று பருந்து பதறியது. "இங்கே பள்ளம் இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் இந்தப் பனியில காலே வெச்சதில்லையே!"

"நூத்தியெட்டு தடவை வந்தேன்னு சொன்னியே!"

"வந்தேன். பறந்து வந்தேன்."

"பாவி! அதை ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலையே!"

மருதன் வெடிப்பின் ஓரத்தில் படுத்து, குரல் கட்டும்வரை பெயர் சொல்லிக் கூப்பிட்டது. பிறகு இருவர் தடமும் பதிந்திருந்த வழியே ஒற்றையாய் இறங்கியது.

மூன்றாம் நாள் ஓடைக்கரையில் பருந்து முயல் கூட்டத்திடம் பேசிக்கொண்டிருந்தது. "நூத்தியொன்பது தடவை உச்சிக்குப் போயிட்டு வந்தவன் நான்!"

மருதன் புதரிலிருந்து பாய்ந்து வந்தது. "நடந்து போனியான்னு கேளுங்க! அதை மட்டும் கேளுங்க!" என்று கத்தியது.

"பாவம், பொண்டாட்டி போனதுல புத்தி பேதலிச்சுப் போச்சு," என்றது ஒரு முயல். முயல்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்தபடி பருந்தின் பின்னால் போயின.

உச்சியைத் தொட்டவரெல்லாம் வழி தெரிந்தவர் ஆகிவிட மாட்டார். நாம் காலால் நடக்க வேண்டிய பாதைக்கு, அதில் கால் நோக நடந்தவரையே துணையாகக் கொள்ள வேண்டும்.